தொபியாஸ் வடித்த ஒரு லிட்டர்

ஜெசிந்தாவைக் குரு என்று யாராவது சொன்னால் கையில் கிடைத்ததை எடுத்து எறிவாள். வயது முப்பத்துநாலு. இறால் குஞ்சு பொரிக்கிற கம்பெனியில் ஒன்பது வருசம், குஞ்சுகளுக்குத் தீனியாகப் பாசி வளர்த்தவள். வேலையை விட்டாள், பாசியை விடவில்லை. மொட்டை மாடி முழுக்கத் தண்ணீர் கேன்கள், கேனுக்குள் பச்சைத் தண்ணீர். அந்தப் பாசியைக் காயவைத்து, எண்ணெய் பிழிந்து, எண்ணெயை டீசலாக்கி ஒரு பழைய எஞ்சினை ஓட்டியும் காட்டினாள். அப்புறம் அவள் குரு இல்லாமல் வேறு யாராம்? அவள் காதில் விழாமல் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அவளிடம் ஒருநாள் தொபியாஸ் படியேறி வந்தார். அறுபத்தொரு வயது. நாற்பது வருசம் வள்ளம் ஓட்டியவர்.

“எனக்கு இதைச் சொல்லித் தா டீச்சர்.”

“என்னத்துக்கு அண்ணாச்சி?”

“வள்ளத்துக்கு ஊத்த.”

“டீசல்தான் கடையில கிடைக்கே?”

தொபியாஸ் கீழே பார்த்தார். ஊருக்கே தெரிந்த கதைதான். ஆனாலும் அவர் வாயால் அதுவரை யாரும் கேட்டதில்லை.

“அன்னைக்குக் கேன்ல கொஞ்சம்தான் கிடந்தது. வாங்கிட்டுப் போறேன்னுதான் எம்மவன் பிரிட்டோ சொன்னான். நேரமாவுது, இது போதும்லே, போன்னு நான்தான் விரட்டுனேன். திரும்பி வாரப்ப எஞ்சின் நின்னு போச்சு. கரை தெரியுது, நாங்க நிக்கது அவனுக்குத் தெரியுது. அலை தூக்கிக்கொண்டுபோய், கடலுக்குள்ள கல்லடுக்கிக் கட்டியிருக்க தூண்டில் வளைவுல அடிச்சிட்டு.”

கேன்களுக்குள் காற்று ஊதிக்கொண்டிருந்த மோட்டாரை ஜெசிந்தா நிறுத்தினாள்.

“உடைஞ்ச வள்ளத்தை ஒட்டி எடுத்துட்டேன். ரெண்டு வருசமா கரையிலதான் கிடக்கு. அவன் கடைசியா வலை விட்ட இடத்துக்கு ஒருதரம் போவணும். கடை டீசலைத் தொடமாட்டேன்னு மாதா முன்னால சொல்லிட்டேன். என் கையால உண்டாக்குன எண்ணெயிலதான் போவேன்.”

“ரொம்பக் கொஞ்சமாத்தான் வரும், அண்ணாச்சி.”

“வரட்டும்.”

அவள் ஒரு கேன் பாசியை வித்துக்குக் கொடுத்தாள். “தினமும் காலையில பாதியை எடுத்துருங்க. எடுத்த அளவுக்கு வடிகட்டுன கடல் தண்ணி, ஒரு சிட்டிகை உரம். எடுத்ததைத் துணியில வடிச்சுக் காயப் போடுங்க. வேற ஒண்ணும் கிடையாது.”

மூன்றாம் வாரம் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். உள்ளே தண்ணீர் பழுப்பாகி நாறியது.

“என்ன செஞ்சிய?”

“ஒண்ணுமே செய்யல டீச்சர். ஒரு சொட்டு எடுக்கல. நல்லா கருகருன்னு பச்சையா வந்துச்சு. பாதியை எடுக்க மனசே வரல. சேரட்டும், சேரட்டும்னு விட்டேன். நேத்து பாத்தா எல்லாம் செத்துக் கிடக்கு.”

அவள் திட்டுவாள் என்றுதான் அவர் நினைத்தார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்து, தன்னிடம் இருந்ததிலேயே திக்கான கேனுக்குள் கையை இறக்கினாள்.

“விரல் தெரியுதா?”

“தெரியல.”

“அங்க இருக்க பாசிக்கு வெயிலும் தெரியாது.”

இன்னொரு கேன் கொடுத்து அனுப்பினாள்.

அதன்பிறகு தொபியாஸ் பாதி எடுத்தார். ஒரு கேன் நாலாயிற்று, நாலு நாற்பதாயிற்று. துணி காயப்போட இடமில்லை என்று அவர் வீட்டுக்காரி லில்லி நாள்தோறும் ஏசினாள். ஏசிக்கொண்டே பாசி வடிக்கத் தன் பழைய சேலைகளைக் கிழித்தும் கொடுத்தாள். காய்ந்த பாசியை மூட்டை மூட்டையாக ஜெசிந்தா வீட்டுக்குத் தூக்கிவந்தார். அவள் சொல்லித்தர அவர் எண்ணெய் எடுத்தார். எண்ணெயை டீசலாக்க மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் கலக்கிற வேலையை முதலில் அவரைத் தொடவிடவில்லை, பிறகு அதையும் அவரிடமே விட்டாள்.

ஒரு வருசம் ஆயிற்று. கல்லறைத் திருநாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது, விடிந்தும் விடியாமல், கையில் ஒரு பாட்டிலோடு மாடிக்கு வந்தார். உள்ளே தெளிந்த மஞ்சளில் டீசல்.

“ஒரு லிட்டர்” என்றார்.

“நல்லா வந்திருக்கு.”

“என்னத்தை நல்லா வந்திருக்கு?” தொபியாஸ் பாட்டிலைத் தரையில் வைத்தார். “அவன் வலை விட்ட இடத்துக்குப் போய்த் திரும்ப இருபது லிட்டர் வேணும். வருசத்துக்கு ஒண்ணுன்னா இருபது வருசம். அதுவரைக்கும் நான் இருப்பேனா? மண்ணாப் போன மனுசனை இப்படி மாடு மாதிரி உழைக்க விட்டு வேடிக்கை பாத்தியே, நீயெல்லாம் ஒரு டீச்சரா?”

ஜெசிந்தா கண் கலங்கியிருந்தாள். அவரைக் கைப்பிடிச் சுவர் பக்கம் உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தாள். கீழே கரையில் வள்ளங்களைத் தள்ளுகிற சத்தம் கேட்டது.

“சேத்து வைக்கேன்” என்றார் தொபியாஸ், கொஞ்சம் அடங்கி. “என்ன செய்ய? இருபது வர்ற வரைக்கும் சேத்து வைக்கேன்.”

“அண்ணாச்சி, ஒண்ணு கேக்கட்டுமா? கோவிக்கக் கூடாது.”

“கேளு.”

“அன்னைக்கு எஞ்சின் நின்ன இடத்துலேருந்து, அந்தக் கல்லைத் தாண்டிக் கரை ஏற, பிரிட்டோவுக்கு எவ்வளவு வேண்டியிருந்திச்சு?”

தொபியாஸ் தூண்டில் வளைவைப் பார்த்தார். நாற்பது வருசம் வள்ளம் ஓட்டியவருக்குக் கணக்குப் போட நேரம் ஆகாது. 

“அரை லிட்டர்” என்றார். “அரை லிட்டர் இருந்திருந்தாப் போதும்மா.”

முதல் வள்ளம் தண்ணீரில் இறங்கியது. பின்னால் இன்னொன்றைப் பையன்கள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஜெசிந்தா பாட்டிலை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

“அப்போ இது ரெண்டு பிள்ளையளுக்குக் கரை ஏறப் போதும், அண்ணாச்சி.”