ஓர் இலைக்கு எவ்வளவு கனம்?

அந்தக் காலத்தில், விலங்குகள் பேசிய நாள்களில், கனத்தை அளந்தவர்கள் உண்டு. அக்கனம் எவ்வளவு இடத்தில் இறங்குகிறது என்று கேட்டவர் எவரும் இலர்.

ஒரு கோடையில் ஏரி வற்றி, நடுவில் மட்டும் நீர் எஞ்சியது. அதைச் சூழ்ந்த சேற்றினடியில் ஆமை தன் முட்டைகளைப் புதைத்திருந்தது. அவை நசுங்கிவிடக் கூடாதே என்று, கரைப்பாறையின்மேல் ஒரு பனந்தடியைக் குறுக்கே கிடத்தி, ஒரு முனையில் குண்டுக்கல்லை ஏற்றியது. மறுமுனையில் எவர் ஏறினால் அக்கல் எழும்புகிறதோ, அவருக்கு ஏரிக்குள் இறங்க அனுமதி இல்லை.

யானை ஒரு காலை வைத்ததும் கல் எகிறிப் போய் விழுந்தது.

"கோபித்துக்கொள்ளாதே, அக்கா. என் பிள்ளைகள் அங்கே கிடக்கிறார்கள்" என்றது ஆமை.

"தெரிகிறது, தங்கச்சி" என்று யானை கரையிலேயே நின்றுவிட்டது. மூன்று நாள்களில் அதன் நாக்கு வறண்டது, கால்கள் தள்ளாடின.

தடியில் ஏறியும் கல் எழும்பாததால் தேறிய வெள்ளாடு துள்ளிக்கொண்டு இறங்கியது. "பெரியம்மா, திரும்பும்போது என் தாடியில் நாலு சொட்டுக் கொண்டுவருகிறேன்!"

பத்தடி செல்லுமுன் அதன் குளம்புகள் சேற்றைக் குத்திக்கொண்டு இறங்கின. உதற உதற, முழங்கால்வரை புதைந்தது.

"அசையாதே! உன் காலடியில்தான் முட்டைகள்!" என்று ஆமை அலறியது.

"அசையாவிட்டால் நானே புதைந்துவிடுவேனே, சித்தி!"

"நான் வந்து தூக்கிவிடட்டுமா?" என்று யானை கேட்டது. ஆமை தடியையும் யானையையும் மாறி மாறிப் பார்த்தது.

அப்போது, இலைமேல் நடந்து பிழைக்கும் தாமரைக்கோழி, ஒரு தாமரை இலையை இழுத்துவந்து யானையின் பாதத்தருகே விரித்தது.

"இலையில் குடித்தனம் நடத்துகிறவள் சொல்கிறேன், கேள், சித்தி. பெரியம்மாவின் ஒரு பாதம் இவ்விலை முழுவதையும் மறைக்கிறது. ஆட்டின் நான்கு குளம்புகளும் இதன் ஓர் ஓரத்துக்குள் அடங்கிவிடும். மொத்தக் கனத்தைக் கேட்காதே. ஓர் இலையளவு இடத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று கேள்."

ஆமை கண்களை மூடிக்கொண்டது. "மெல்ல வா, அக்கா."

யானை முன்பாதத்தால் சேற்றைத் தொட்டு, அழுத்திப் பார்த்து, அதன் பிறகே கனத்தை வைத்தது. விரற்கடையளவே பள்ளம் விழுந்தது. அவ்வாறே அடிமேல் அடி வைத்துச் சென்று, ஆட்டை நேராக மேலே தூக்கியது. முட்டை ஒன்றுகூட உடையவில்லை. பின்னர் யானை நீர் குடித்த ஓசை கரைவரை கேட்டது.

"என் தாடி காய்ந்துதான் கிடக்கிறது, பெரியம்மா. நீயே எனக்கு நாலு சொட்டுக் கொடேன்!" என்றது ஆடு.

ஆமை சிரித்துக்கொண்டே பனந்தடியைப் பாறையிலிருந்து உருட்டிவிட்டது.

அன்று தொடங்கியவைதாம், புதுத்தரையை யானை முன்காலால் தொட்டுப் பார்த்து நடக்கும் வழக்கமும், அழுத்தத்தை அளப்பவர்கள் கனத்தோடு நிறுத்தாமல் 'சதுர மீட்டருக்கு இவ்வளவு' என்று இடத்தையும் சேர்த்தே சொல்லும் வழக்கமும்.