முன்னே போன தூதன்

வேங்கைமலை ராஜா கம்பீரபூபதிக்கு எல்லாம் வந்தது. கப்பம் வந்தது, காணிக்கை வந்தது. வரவேண்டிய ஒன்று மட்டும் தேர்த்திருவிழாவுக்குப் பிறகு வரவே இல்லை.

இதை முதலில் கண்டுபிடித்தவள் பூங்காவனம். அரண்மனையில் அவள் ஓலைநாயகம். தூதர்களை அனுப்புவதும் திரும்பி வருகிறவர்களை விசாரிப்பதும் அவள் வேலை. ராஜா சிம்மாசனத்தின் நுனியில் மட்டும் உட்கார்ந்திருந்ததை அவள் பார்த்தாள். திருவிழா முழுக்க அதிரசமும் நெய்ச்சோறும். தண்ணீரோ, தொண்டை நனையும் அளவுக்குத்தான். அவை நடுவே எழுந்து போவது அரச லட்சணம் இல்லை என்பது அந்த வம்சத்தின் வழக்கம். ராஜா எழுந்து போகாமல் மற்றவர்களும் வெளியே போகக்கூடாது. ஆகவே அவையில் யாருமே தண்ணீர் குடிப்பதில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வைத்தியர் அம்பலவாணர் பெட்டியோடு வந்தார்.

"வயிற்றுவலி, வாந்தி ஏதாவது உண்டா மகாராஜா? இருந்தால் இந்த மருந்து ஆகாது."

"வலி இல்லை ஐயா. அவமானம்தான் இருக்கிறது."

வைத்தியர் மலமிளக்கும் நிலாவாரை உருண்டை ஒன்றை எடுத்து நீட்டினார். "இது ஒன்று போதும். கூடவே ஒரு செம்பு வெந்நீர். காலையில் வேலை செய்யும்."

"ஒன்றா?" என்று தளபதி வீரபயங்கரன் மீசையை முறுக்கினான். அவனும் திருவிழாச் சாப்பாட்டில் குறை வைத்தவன் இல்லை. அவையில் அன்று முழுக்க உட்காராமல் நின்றுகொண்டே இருந்தான். "குடியானவனுக்கும் ஒன்று, கோமகனுக்கும் ஒன்றா? மூன்று பக்கமும் வளைத்துத் தாக்கினால்தான் கோட்டைக் கதவு திறக்கும், மகாராஜா!"

ராஜா ஒன்றை விழுங்கினார். சற்றுக் காத்திருந்தார். வயிற்றைத் தட்டிப் பார்த்தார். விளக்குக்குப் போட்ட புதுத்திரி இன்னும் சரியாகப் பற்றக்கூட இல்லை.

"ஒன்றும் நடக்கவில்லையே! கொண்டுவாரும் இன்னும் இரண்டு!"

"கூடாது மகாராஜா."



"கூடாதா? இரவு முரசு அறைவதற்குள் எனக்கு விடுதலை கிடைக்க வேண்டும். இல்லையென்றால் இந்த நாட்டிலிருந்து உமக்கு விடுதலை!"

வைத்தியர் பெட்டியை விட்டு இரண்டு அடி பின்வாங்கினார். பாவம், இந்த வயதில் எந்த நாட்டுக்குப் போவார்? பூங்காவனம் மெல்ல எழுந்தாள்.

"மகாராஜா, ஒரு குறை. தூதனை அனுப்பும்போது என்னைக் கேட்டுத்தான் அனுப்புவது வழக்கம். இன்று கேட்காமலே அனுப்பிவிட்டீர்கள்."

"எந்தத் தூதன்?"

"இப்போது விழுங்கினீர்களே, அவன்தான். 'கதவைத் திற' என்ற உத்தரவோடு உள்ளே போயிருக்கிறான். போகட்டும். ஆனால் தங்கள் தாத்தா தூணில் வெட்டி வைத்த சட்டம் நினைவிருக்கிறதா?"

யாருக்குத்தான் மறக்கும்? அந்தத் தாத்தா மலைக்கோட்டைக்கு ஒரு தூதனை அனுப்பினார். பொறுமையில்லாமல் பின்னாலேயே இன்னொருவன். அவன் பின்னாலேயே மூன்றாமவன். மூவரும் குறுகலான மரப்பாலத்தில் ஒரே நேரத்தில் ஏறினார்கள். பாலம் ஆற்றோடு போயிற்று. அன்றிலிருந்து சட்டம்: முன்னே போன தூதன் திரும்பும்வரை பின்னே ஒருவன் போகக்கூடாது; அதுவரை யாருக்கும் தண்டனையும் இல்லை.

"உள்ளே நீளமான வழி மகாராஜா. இரவெல்லாம் நடக்க வேண்டும். இப்போது இன்னும் இரண்டு பேரை விரட்டினால், விடியற்காலை மூவரும் ஒரே பாலத்தில்..."

"போதும், போதும்!" ராஜா அவசரமாக வயிற்றைப் பொத்திக்கொண்டார். "காலைவரை பொறுக்கிறேன்."

"உருண்டைக்கெல்லாமா சட்டம்!" என்று தளபதி சிரித்தான். "ஓலை கட்டுகிறவளுக்குப் போர்முறை என்ன தெரியும்?"

அவை கலைந்தது. வைத்தியரின் பெட்டி பதற்றத்தில் திறந்தபடியே கிடந்தது.

மறுநாள் ராஜா துலக்கிய குத்துவிளக்கு மாதிரி உள்ளே வந்தார். சிம்மாசனத்தில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"தூதன் வந்துவிட்டான், ஓலைநாயகமே!"

வைத்தியருக்குப் பட்டுச் சால்வை. ராஜாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "இனி தினமும் ஒன்று கொடும் ஐயா!"

வைத்தியர் பூங்காவனத்தைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"தினமும் தூதன் போய்த் தட்டினால் காவற்காரன் சோம்பேறி ஆகிவிடுவான் மகாராஜா. பிறகு தட்டாமல் திறக்கவே மாட்டான். கீரையும் தண்ணீரும் காலை நடையும் இருந்தால் கதவு தானாகத் திறக்கும்," என்றாள் அவள்.

"அப்படியும் திறக்காவிட்டால் என்னிடம் வாருங்கள்," என்றார் வைத்தியர், தைரியம் திரும்பி. "பெட்டியிடம் போகாதீர்கள்." சொல்லிக்கொண்டே பெட்டிக்குள் பார்த்தவரின் முகம் மாறியது. "மூன்று உருண்டை குறைகிறதே!"

எல்லாரும் தளபதியின் இடத்தைப் பார்த்தார்கள். இடம் காலி. வைத்தியர் உப்பும் சர்க்கரையும் போட்ட கஞ்சித்தண்ணீரோடு ஓடினார். வெகுநேரம் கழித்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"உயிருக்குப் பயமில்லை. ஆனால் இன்று அவைக்கு வரமாட்டார்."

"அப்படி என்ன வேலை அவனுக்கு?" என்றார் ராஜா.

பூங்காவனம் கைகூப்பினாள். "தளபதி மூன்று தூதர்களை அனுப்பியிருக்கிறார் மகாராஜா. மூவரும் சேர்ந்தே வந்துவிட்டார்கள். வரவேற்றுக்கொண்டிருக்கிறார்."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் சாய்ந்தது. "கேள் பூங்காவனம், என்ன பரிசு வேண்டும்?"

"தங்கள் பக்கத்தில் எப்போதும் ஒரு செம்பு தண்ணீர் இருக்க வேண்டும். அவ்வளவுதான்."

செம்பு வந்தது. ராஜா மடமடவென்று குடித்தார். சற்று நேரத்தில், அந்த வம்சத்திலேயே முதன்முறையாக, ஒரு ராஜா அவை நடுவே எழுந்து போனார்.

அவர் திரை தாண்டுவதற்குள் அவையில் ஒருவர்கூட மிச்சமில்லை.