ஆறோடு நிற்கும் விளக்கு

"மாத்தாத சாமான் ஒண்ணு பாக்கி இல்லம்மா. ஆனாலும் ஏழாவது வரமாட்டேங்கு" என்றார் தொம்மை.

ஜெனோவா தலை நிமிரவில்லை. தன் பழுதுபார்க்கும் கடையில் ஒரு விசைப்படகின் வயர்லெஸ் பெட்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எதுல ஏழாவது, அண்ணாச்சி?"

தொம்மை துணிப்பையிலிருந்து ஒரு பச்சை நிற போர்டை எடுத்து அவள் மேசையில் வைத்தார்.

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. அவளுக்கு முப்பத்துநாலு. முப்பத்திரண்டு வருஷம் மின்வேலை பார்த்த மனுஷர் மகள் வயதுப் பெண்ணிடம் வந்து நிற்கிறார் என்றால், தூத்துக்குடியில் வேறு எல்லா வாசலும் ஏறி இறங்கியாயிற்று என்றுதான் அர்த்தம். போர்டுக்கு வந்த நோவை ஜெனோவா பார்த்தால் தெரியும் என்று படகுக்காரர்கள் சொல்வார்கள். அவள் அதிகம் பேசமாட்டாள் என்பதையும் சேர்த்தே சொல்வார்கள்.

போர்டு ஒரு பழைய பின்பால் மெஷினுடையது. கண்ணாடிக்கு அடியில் இரும்புக் குண்டு ஓடும்; இரண்டு பக்கத்துப் பொத்தானையும் அமுக்கி, குண்டு கீழே விழாமல் தட்டித் தட்டி மேலே அனுப்ப வேண்டும். துறைமுகத்து மாலுமிகள் விடுதியில் நாற்பது வருஷம் ஓடிவிட்டு ஒருநாள் செத்துப்போனது.

போர்டின் ஓரத்தில் மிளகு அளவுக்கு ஒரு சிவப்பு விளக்கு உண்டு. மின்சாரம் கொடுத்ததும் போர்டு தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். ஒவ்வொரு சோதனையில் தேறும்போதும் விளக்கு ஒரு தடவை மினுக்கும். ஏழு தடவை மினுக்கினால் ஆட்டம் தொடங்கலாம்.

"இது ஆறோட நின்னுருது" என்றார் தொம்மை. "பதினோரு மாசமாப் பாக்கேன்."

"விளையாட்டுச் சாமானுக்கா பதினோரு மாசம்?"

"எனக்கு இது விளையாட்டு இல்லம்மா."

அப்புறம் அவர் சொன்னார்.

அவர் வேலை பார்த்தது கிரேன்களைப் பழுது பார்க்கும் ஒரு பட்டறையில். ஒருநாள் சாயங்காலம் ஒரு கிரேனின் கண்ட்ரோல் போர்டைச் சோதித்து, 'சரியாக இருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலையில் அந்தப் பெட்டி வெடித்துத் தீப்பிடித்தது. பெட்டிக்கு முன்னால் நின்றிருந்தவன் கித்தேரியான், கூட வேலை பார்த்தவன். வலது கையில் இரண்டு விரல் போயிற்று. பெட்டி கரிக்கட்டையாகிவிட்டதால் காரணம் தெரியவில்லை என்று விசாரணையை முடித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு தொம்மை வேலைக்குப் போகவில்லை.

"அதே வாரத்துலதான் விடுதியில இந்த மெஷினத் தூக்கிப் போடப்போறோம்னாக. நான் பாக்கேன்னு சொல்லி போர்ட மட்டும் கழத்திட்டு வந்தேன். மனசுக்குள்ள ஒண்ணு நெனச்சுக்கிட்டேன். இதை நான் சரி பண்ணிட்டா எங்கையில தப்பு இல்ல. பண்ண முடியலேன்னா, அவன் விரல் போனது என்னாலதான்."

ஜெனோவா போர்டுக்கு மின்சாரம் கொடுத்தாள்.

சிவப்பு விளக்கு ஆறு தடவை மினுக்கியது.

"நல்லாருக்கு" என்றாள்.

"ஆறுதானம்மா வந்திருக்கு."

"நல்லாருக்கு அண்ணாச்சி."

போர்டை அவர் பக்கமாகத் தள்ளிவிட்டு மறுபடி வயர்லெஸ் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டாள்.

தொம்மைக்குக் கோபம் வந்தது. ஆறுதலுக்காகச் சொல்கிறாள் என்று நினைத்தார். இந்த ஆறுதலைப் பதினோரு மாதமாக எல்லார் வாயிலும் கேட்டாயிற்று. வீட்டுக்குப் போய், மாற்றிய சிப்புகளையே இன்னொரு தடவை பிடுங்கிவிட்டு வேறு வைத்தார். ஈயம் உருகும் புகையில் கண் எரிந்தது. விளக்கு ஆறோடு நின்றது.

மறுவாரம் மறுபடி அவள் கடைப் படியேறினார்.

"எனக்கு ஆறுதல் வேண்டாம். தப்பு எங்கன்னு சொல்லுங்க."

ஜெனோவா எழுந்து, சுவரில் மாட்டியிருந்த மீட்டரை எடுத்தாள். அதிலிருந்து இரண்டு வயர்கள் தொங்கின, ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. கறுப்பு வயரைப் பிடுங்கித் தன் இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள். சிவப்பு வயர் மட்டும் தொங்கும் மீட்டரை அவர் கையில் கொடுத்தாள்.

"இந்த போர்டுல எத்தனை வோல்ட் வருதுன்னு பாத்துச் சொல்லுங்க."

தொம்மை மீட்டரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"ஒத்த முனைய வச்சு எப்படிம்மா பாக்க?"

"நீங்க பதினோரு மாசமா அப்படித்தான பாக்கிய."

"கேலி பண்ணுதியளா?"

"இல்ல."

அவள் முகத்தில் கேலி இல்லைதான். அதுதான் அவரை இன்னும் கலக்கியது. முப்பத்திரண்டு வருஷம் இரண்டு முனையும் வைத்துப் பார்த்தவருக்கு இது தெரியாதா என்ன. தெரிந்த அதே விஷயம் இந்த போர்டுக்கும் பொருந்தும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

"மெஷின் எங்க இருக்கு?" என்று கேட்டாள் ஜெனோவா.

"விடுதியில. அது எதுக்கு? பழுது போர்டுல இருக்கு."

அவள் டார்ச்சையும் மீட்டரையும் பையில் போட்டுக்கொண்டு, கடையைச் சாத்திவிட்டு முன்னால் நடந்தாள்.

விடுதிக் கூடத்தின் மூலையில் மெஷின் தூசி படிந்து நின்றது. கண்ணாடியில் வரைந்திருந்த பாய்மரக் கப்பல் பாதி உரிந்து போயிருந்தது. தொம்மை பின்பக்கப் பெட்டியைத் திறந்து போர்டை மாட்டினார். ஒவ்வொரு செருகியாகச் சொருகினார்.

ஜெனோவா சுவிட்சைப் போட்டாள்.

மெஷினின் விளக்குகள் எல்லாம் எரிந்தன. போர்டின் சிவப்பு விளக்கு ஆறு தடவை மினுக்கிவிட்டு நின்றது.

"பாத்தியளா" என்றார் தொம்மை. "நான் சொன்னேம்லா. எங்கையிலதான் தப்பு."

ஜெனோவா போர்டைப் பார்க்கவே இல்லை. சுவிட்சை அணைத்தாள். குனிந்து, பெட்டியின் அடிமூலையில், டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் டார்ச்சை அடித்தாள். விரல் நீளம்கூட இல்லாத ஒரு கண்ணாடி பியூஸைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

உள்ளே கம்பி அறுந்திருந்தது.

"இது எந்த லைனு, அண்ணாச்சி?"

அவர் வயரைத் தொட்டுக்கொண்டே போனார். "குண்டத் தட்டுற காயிலுக்கு, அந்தக் கம்பிச்சுருளுக்குப் போற லைன்."

"அந்த லைன்ல கரண்ட் வந்துருச்சான்னு போர்டு கேக்கும். அதான் ஏழாவது சோதனை. ஒங்க வீட்டு மேசையில அந்தக் கரண்ட் உண்டா?"

"இல்ல."

"என் மேசையிலயும் இல்ல. மேசையில வச்சுப் பாக்குறது ஒத்த முனைய வச்சுப் பாக்குற மாதிரி, ஆறுதான் வரும். ஆறு வந்தா போர்டு நல்லாருக்குன்னு அர்த்தம்."

தொம்மை பியூஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"போர்டக் கழத்துன அன்னைக்கு லைட்டெல்லாம் எரிஞ்சுது. அதனால கரண்ட் எல்லா எடத்துக்கும் வருதுன்னு நெனச்சுட்டேன். பியூஸப் பாக்கவே இல்ல."

ஜெனோவா பையிலிருந்து புதுப் பியூஸ் ஒன்றை எடுத்து மாட்டினாள். சுவிட்சைப் போட்டாள்.

ஆறு தடவை மினுக்கியது. ஒரு சின்ன இடைவெளி. ஏழாவது தடவையும் மினுக்கியது. மெஷினின் வயிற்றுக்குள் எங்கோ ஒரு காயில் 'டக்' என்று அடித்தது.

தொம்மை பக்கத்தில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப போர்டு எப்பல இருந்து நல்லாருந்துச்சு?"

"மொதல்ல இருந்தே. ரெண்டு எடத்துல போர்டுல உள்ள செம்புத் தடம் பிஞ்சு ஒட்டுப்போட்டிருக்கு. அது மட்டும் நீங்க பண்ணுனது."

அவர் அழுதார். கூடத்தில் கேரம் ஆடிக்கொண்டிருந்த இரண்டு மாலுமிகள் திரும்பிப் பார்த்துவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். ஜெனோவா கண்ணாடியில் படிந்த தூசியைத் தன் துப்பட்டா நுனியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முகம் தெளிந்திருந்தது.

"அப்போ எங்கையில தப்பு இல்ல" என்றார்.

"நான் போர்டப் பத்திச் சொன்னேன், அண்ணாச்சி."

தெளிந்த முகம் அப்படியே நின்றுபோனது.

"அப்ப எங்கையப் பத்தி?"

"அதை ஏன் எங்கிட்டக் கேக்கிய?"

"வேற யாருகிட்டக் கேக்க?"

ஜெனோவா மீட்டரை எடுத்துப் பையில் போட்டாள். வெளியே போய்விட்டாள்.

தொம்மை மெஷினுக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தார். கித்தேரியானின் வீடு அவர் வீட்டுக்குப் பின்தெருவில்தான் இருந்தது. பதினோரு மாதமாக அவர் அந்தத் தெரு வழியாக நடக்கவில்லை. மாதா கோயிலுக்குக்கூடச் சுற்றிக்கொண்டு மீன் ஏலக்கூடம் வழியாகத்தான் போனார். ஒரு தடவை கித்தேரியானின் பெண்சாதி எதிரே வருவதைப் பார்த்துவிட்டு, மருந்து எதுவும் தேவைப்படாமலே ஒரு மருந்துக்கடையில் ஏறி நின்றுகொண்டார். கித்தேரியான் சொல்லப்போவதைக் கேட்க அவருக்குப் பயம்.

எழுந்தார்.

பின்தெருவுக்கு வந்து சேர்ந்தபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. வழியெல்லாம் கேட்க வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். அன்னைக்கு நான் கையெழுத்துப் போட்ட போர்டாலதானா? நீ பெட்டியத் தொறந்தப்போ என்ன பாத்தே? தீ மேல இருந்து வந்துச்சா, கீழ இருந்தா?

கதவைத் தட்டினார்.

கித்தேரியான் இடது கையால் கதவைத் திறந்தான். மெலிந்திருந்தான். வலது கையை இடுப்புத் துண்டுக்குப் பின்னால் வைத்திருந்தான். அப்படி வைத்துக்கொள்வது அவனுக்கு வழக்கமாகிவிட்டது போலத் தெரிந்தது.

"கித்தேரி" என்றார் தொம்மை. "அன்னைக்கு அந்த போர்டு..."

"பதினோரு மாசம் கழிச்சு வந்திருக்கிய, அண்ணாச்சி" என்றான் கித்தேரியான். சத்தம் போடவில்லை. "போர்டப் பத்திக் கேக்கவா வந்திய?"

தன் கையைப் பற்றியே இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தது தொம்மைக்கு உறைத்தது.

கதவருகே செருப்பைக் கழற்றினார்.

"கை எப்படிய்யா இருக்கு?" என்று கேட்டார்.

கித்தேரியான் வாசலை விட்டு விலகி நின்றான்.

"உள்ள வந்து உக்காருங்க. சொல்லுதேன்."