பெருச்சாளி விட்ட வழி

ஒரு காட்டை நடுவில் கிடந்த பெரும்பாறை இரண்டாகப் பிரித்திருந்தது. பாறைமேல் ஏறினால் கழுகு தூக்கிவிடும். அதனால் மேட்டுக் காட்டுச் சேதி பள்ளக் காட்டுக்கு வர ஒரே வழி, பாறைக்கு அடியில் பெருச்சாளி தோண்டிய சுரங்கம்தான்.

சேதி சுமக்கும் வேலையைப் பெருச்சாளி தன் மச்சினன்மார் இருவருக்கே கொடுத்திருந்தது. இரண்டும் சுத்த சோம்பேறிகள்! பாதி வழியில் படுத்துக் குறட்டை விடும்.

போன மழையில் ஓடை பெருகியது. கரையோர முயலின் வளைக்குள் தண்ணீர் புகுந்தது. முயல் தன் குட்டிகளைக் கவ்விக் கவ்விக் கரையேற்றி முடித்த பிறகு மச்சினன்மார் ஆடி அசைந்து வந்து, "வெள்ளம் வரப்போகுதாம்!" என்றன. அதற்குக் கூலியாகக் கிழங்கு வேறு கேட்டன. கொழுப்பைப் பாருங்கள்!

"இனி நான் சேதி கொண்டுவர்றேன் அக்கா!" என்று முயலிடம் சொன்னது அணில்.

"என் சுரங்கத்துல நீ எப்படிடா கால் வைப்பே?" என்று சீறியது பெருச்சாளி.

வழக்கு நாட்டாமைக் கரடியிடம் போனது. "தோண்டினது நீதான், யாரு இல்லேன்னாங்க? வழிக்கூலி வாங்கிக்க. ஆனா அணிலுக்கு வழி விடணும்!" என்றது கரடி.

"உத்தரவு நாட்டாமை!" என்று பெருச்சாளி குனிந்து கும்பிட்டது.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் அல்லவா? மச்சினன்மாருக்குப் பெரிய வாசல். அணிலுக்கு ஓரமாக ஒரு பொந்து. உள்ளே நுழைந்த அணில் வயிறு மாட்டிக்கொண்டு கத்தியது. மற்ற விலங்குகள் வாலைப் பிடித்து இழுத்தன. பாதி முடி கையோடு வந்தது!

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. முயல் குட்டிகளோடு கரடியிடம் ஓடியது. "நாட்டாமை! இந்தத் தடவையும் சேதி பிந்தினா என் பிள்ளைங்க பிழைக்காது!" என்று அழுதது.

கரடி வந்து பொந்தைப் பார்த்தது. "இதுதான் நீ விட்ட வழியா?"

"ஆமா நாட்டாமை! ராஜபாட்டை மாதிரி வழி!"

"அப்படியா? ரொம்ப நல்லது. இனிமே நீயும் உன் மச்சினன்மாரும் இதுலயே போங்க!"

சொன்ன கையோடு கரடி ஒரு பாறாங்கல்லை உருட்டிப் பெரிய வாசலை அடைத்துவிட்டது.

பெருச்சாளி தலையை நுழைத்தது. தொந்தி நுழையவில்லை. பின்னங்கால் இரண்டும் வெளியே உதைத்துக்கொண்டன. "டேய் மாப்பிள்ளைகளா! தோண்டுங்கடா!" என்று உள்ளிருந்து அலறியது. பிறந்ததிலிருந்து நகம் அழுக்காகாத மச்சினன்மார் மண்ணை வாரி வாரி இறைத்தன. பொழுது சாய்வதற்குள் பொந்து பெரிய வாசலைவிட அகலமாகிவிட்டது!

மறுநாள் மேட்டுக் காட்டில் பேய்மழை. அணில் சுரங்கத்தில் பறந்தது. பிழைப்பு போய்விடும் என்ற பயத்தில் மச்சினன்மாரும் தூக்கத்தை மறந்து பின்னாலேயே ஓடின. ஓடை கரை புரண்டபோது முயல் குட்டிகள் கரைக்கு எட்டத்தில் ஓர் உயரமான திட்டில் உட்கார்ந்து அருகம்புல் மென்றுகொண்டிருந்தன.

பிறருக்கு விட்ட வழியிலேயே தானும் போக வேண்டும் என்றால்தான், வழியை வைத்திருப்பவன் அதை ஒழுங்காக வெட்டுவான்.