நூல் முதலா, பிரஷ் முதலா

கருங்காட்டு மலையடிவாரத்தில் ஒரு சிறு மடம் இருந்தது. அங்கே பதினொரு சீடர்கள், ஒரு குரு. குருவை எல்லோரும் அம்மா என்று அழைத்தார்கள். அம்மாவுக்கு நாற்பத்திரண்டு வயது. சீடர்களில் ஒருவரான மாசிலாமணிக்கு அறுபத்து நான்கு.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் எழுந்ததும் யாரும் பேச மாட்டார்கள். வாயைச் சுத்தம் செய்து கொப்பளித்த பிறகுதான் பேச்சு. அதிலும் முதல் சொல் இறைவன் பெயராக இருக்கவேண்டும்.

மாசிலாமணி லாரி எடைமேடையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். எதையும் எண்ணாமல் விட மாட்டார். அவர் வாயில் மேலே பதினான்கு பல், கீழே பன்னிரண்டு. கீழ்வரிசையில் இரு கோடியிலும் ஒவ்வொன்று போய்விட்டது. ஆக, பல்லிடுக்குகள் இருபத்து நான்கு. ஒவ்வோர் இடுக்கிலும் மூன்று முறை நூலை விட்டு எடுப்பார். கண்ணை மூடிக்கொண்டு எண்ணுவார். எழுபத்திரண்டு முடிந்தால்தான் பிரஷ்ஷைத் தொடுவார்.

பல்லுக்கு விடும் அந்த நூலை மடத்திலேயே தயார் செய்வார்கள். முறுக்கேறிய பருத்தி நூலில் தேன்மெழுகு தேய்க்க வேண்டும். தனியாளாக அதைச் செய்ய முடியாது. ஒருவர் ஒரு முனையை இறுக்கிப் பிடிக்க, மற்றவர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மெழுகை ஓட்டுவார். ஏழு வருடமாக மாசிலாமணிக்கு மறுமுனை உலகநாதன்தான். விடிந்ததும் கிணற்றடியில் இருவரும் பேசாமல் நின்று நூல் பிடிப்பார்கள். பாதி அவருக்கு, பாதி இவருக்கு.

உலகநாதனுக்கு நல்ல குரல். காலைப் பாட்டை அவர்தான் எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் பின்னால் சேர்ந்துகொள்வார்கள்.

மடத்துக்கு வந்து தங்குகிறவர்களுக்காக ஒரு பலகை எழுதச் சொன்னார் அம்மா. மாசிலாமணி எழுதினார். ஒன்று, நூல். இரண்டு, பிரஷ். மூன்று, நாக்கு வழித்தல். நான்கு, கொப்பளித்தல். ஐந்து, இறைவன் பெயர்.

பந்தியில் உட்கார்ந்திருந்தபோது உலகநாதனிடம் அதைக் காட்டினார்.

உலகநாதன் சிரித்தார். "என்ன ஓய் தலைகீழா எழுதியிருக்கீர்? முதல்ல பிரஷ். கொப்பளிச்சிட்டு சாமி பேரு. நூலெல்லாம் அப்புறம், ஆற அமர."

"அப்புறம்னா?"

"பாட்டு முடிஞ்ச பிறகு. மடியிலே சொருகி வச்சிருப்பேன்."

மாசிலாமணியின் கையில் இருந்த கவளம் இலையில் விழுந்தது.

"ஏழு வருஷமாவா?"

"ஏழு வருஷமாத்தான். நீர்தான் கண்ணை மூடிக்கிட்டு நிப்பீரே."

"அப்போ ஏழு வருஷமா அழுக்கு வாயோடவா சாமி பேரைச் சொன்னீர்? அழுக்கு வாயோடவா பாடினீர்?"

பந்தியில் இருந்த மற்ற ஒன்பது பேரும் தலை நிமிர்ந்து பார்த்தார்கள். உலகநாதன் இலையை மடித்துவிட்டு எழுந்து போனார்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. பாடவும் இல்லை. காலைப் பாட்டை ஆளுக்கொரு சுருதியில் ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார்கள். இப்படி ஒன்பது நாள் போயிற்று. பத்தாம் நாள் காலை உலகநாதன் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு வாசல் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தார். ஒன்பது நாற்பதுக்கு டவுன் பஸ் வரும்.

மாசிலாமணி அம்மாவைத் தேடிப் போனார். அம்மா பூஜைக் கூடத்தில் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரே ஒரு கேள்வி. நூல் முதலா, பிரஷ் முதலா? நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா அவர் கேட்டுக்குவார். போக மாட்டார்."

"மணி என்ன ஐயா?"

"ஒன்பது பதினொன்று."

"நேரம் இருக்கு. இந்தக் கூடத்தைச் சுத்தம் பண்ணிக் கொடுங்க."

மூலையில் துடைப்பமும் ஒட்டடைக் கம்பும் சாத்தியிருந்தன. மாசிலாமணி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஆனாலும் ஒட்டடைக் கம்பை எடுத்தார். பதினாறு உத்தரக் கட்டைகள். கட்டைக்கும் கட்டைக்கும் இடையே கம்பை விட்டுச் சுழற்றினார். தூசி தலையில் கொட்டியது. பிறகு துடைப்பத்தை எடுத்து, வடமேற்கு மூலையில் தொடங்கி வாசல்வரை பெருக்கித் தள்ளினார்.

அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏன் முதல்ல பெருக்கலை?"

"பெருக்கிட்டு ஒட்டடை அடிச்சா, விழுந்ததை மறுபடி பெருக்கணுமே. இடுக்கிலே இருக்கிறதை முதல்ல கிளப்பணும் அம்மா."

"அப்போ நூல்தான் முதல்ல. நீங்க சொன்னது சரி."

மாசிலாமணியின் முகம் மலர்ந்தது. ஒன்பது நாளில் அது முதல் தடவை. துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்.

"மணி ஒன்பது இருபத்தாறு. இப்பவே போய்ச் சொல்றேன். நீங்களே சொன்னதாச் சொல்லலாமா?"

"தாராளமாச் சொல்லுங்க."

அவர் நிலைப்படியைத் தாண்டப் போனார்.

"ஐயா, இன்றைக்குக் காலையிலே நூலிலே என்ன வந்தது?"

மாசிலாமணி நின்றார். இதுபோன்ற கேள்விக்கு அவரிடம் எப்போதும் விடை இருக்கும்.

"முருங்கைக்காய் நார் அம்மா. ஒரே ஒரு இழை. மேல்வரிசை, வலப்பக்கம். நாலாவது பல்லுக்கும் அஞ்சாவது பல்லுக்கும் நடுவே. மூணு தடவையிலே வரலை. ஏழாவது தடவைதான் வந்தது."

"வேறே?"

"கொஞ்சம் ரத்தம்."

"ரத்தமா?"

"ஈறு கிழிஞ்சிருக்கு. வெறும் நூல்."

"மெழுகு தீர்ந்துபோச்சா?"

"மெழுகு இருக்கு." அவர் குரல் இறங்கியது. "பிடிக்க ஆளில்லை."

அம்மா கடைசிப் பாயைச் சுருட்டிச் சுவரோரம் நிறுத்தினார்.

"அந்த நார் இருக்கே ஐயா, அது நாலாவது பல்லோட அழுக்கா, அஞ்சாவது பல்லோட அழுக்கா?"

மாசிலாமணி வாயைத் திறந்தார். நாக்கு தானாக வலப்பக்கம் போய் அந்த இடுக்கைத் தொட்டது.  பிறகு வாயை மூடிக்கொண்டார்.

 அவர் பெருக்கிய குப்பையை அம்மா முறத்தில் அள்ளிக்கொண்டு பின்பக்கம் போனார்.

மாசிலாமணி கிணற்றடிக்குப் போனார். மாடக்குழியில் நூற்கண்டு இருந்தது. மெழுகுக் கட்டி அதன் பக்கத்தில் எறும்பு மொய்த்துக் கிடந்தது. எறும்பை ஊதிவிட்டு இரண்டையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். கிணற்றடியிலிருந்து வேப்பமரத்துக்கு எத்தனை அடி என்று கேட்டால் அன்று அவரால் சொல்லியிருக்க முடியாது.

உலகநாதன் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

மாசிலாமணிக்குச் சொல்ல ஒரு செய்தி இருந்தது. அம்மாவே சொன்ன செய்தி. அதைச் சொல்லாமல், கண்டிலிருந்து இரண்டு முழம் நூலை இழுத்து, முனையை அவர் முன்னால் நீட்டினார்.

வளைவில் பஸ் ஹாரன் அடித்தது. உலகநாதன் ரோட்டைப் பார்த்தார். நூல் முனையைப் பார்த்தார்.  

பஸ் வந்தது. நின்றது. கண்டக்டர், "பெரியவரே, ஏறுறீங்களா இல்லையா?" என்று கேட்டார். உலகநாதன் எழுந்திருக்காததால் விசில் கொடுத்தார்; பஸ் கிளம்பிப் போனது. புழுதி அடங்கச் சற்று நேரம் பிடித்தது.

உலகநாதன் மூட்டையைக் கீழே வைத்தார். எழுந்து நூல் முனையை வாங்கி விரலில் இரண்டு சுற்றுச் சுற்றினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான் இன்னும் நூல் போடலை ஓய். பேசலாமா?"

 மாசிலாமணி தன் பக்கத்து முனையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மெழுகை அவரிடம் நீட்டினார்.