யார் கூப்பிட்ட தூரம்?

"சொதக்... சொதக்... சொதக்..."

நாணல் புதருக்குள்ளிருந்து சத்தம்தான் முதலில் வந்தது. போன வருஷம் அந்தக் குளத்தில் அப்படிச் சத்தம் கேட்டால் மீன் துள்ளுகிறது என்று அர்த்தம். இப்போது யாரோ சேற்றிலிருந்து காலைப் பிடுங்கிப் பிடுங்கி நடக்கிறார்கள் என்று அர்த்தம்.

வெளியே வந்தது சுழியன் என்ற நீர்நாய். பின்னால் அவன் மனைவி அயிரை. அவளுக்குப் பின்னால் வரிசையாக நான்கு குட்டிகள்.

"தண்ணி இன்னும் எத்தனை நாளைக்கு வரும், அயிரை?"

"மூணு நாள். மீன் நாளையோட சரி."

பொட்டலுக்கு அந்தப் பக்கம் ஆறு ஓடியது. ஐம்பது கூப்பிடு தூரம். ஒருவர் கூப்பிட்டால் எவ்வளவு தொலைவில் கேட்குமோ, அதுதான் ஒரு கூப்பிடு தூரம். காட்டில் எல்லாவற்றையும் அப்படித்தான் அளப்பார்கள். பொட்டலில் ஒரு நிழல் கிடையாது. நடந்து போனால் குட்டிகளின் உடம்பில் ஈரம் காய்ந்துவிடும். காய்ந்தால் அவை பிழைக்காது.

அதனால் குடும்பம் முழுக்க ஏறுகிற மாதிரி ஒரு மின்வண்டி வாங்க முடிவு செய்தார்கள். நடுவே தண்ணீர்த் தொட்டி வைக்க இடம் வேண்டும். பள்ளத்தில் தட்டாத உயரம் வேண்டும். சார்ஜ் போட இரண்டே இடம்தான் உண்டு. இந்த முனையில் சந்தை, அந்த முனையில் ஆறு. நடுவழியில் நின்றால் நின்றதுதான்.

சந்தையில் இரண்டு வண்டிகள் நின்றன. விலை இரண்டுக்கும் ஒன்றுதான், இருபது கெளுத்திக் கருவாடு. அவர்களிடம் இருந்ததும் அவ்வளவுதான்.

முதல் வண்டியின் பெயர் மின்னல். அதை விற்றவன் சவ்வாது என்ற புனுகுப்பூனை. போன வாரம்தான் கிழக்கு மலையிலிருந்து இறங்கி வந்திருந்தான்.

"வாங்க, வாங்க! ஒரு தடவை சார்ஜ் போட்டா நூறு கூப்பிடு தூரம்! மேல பாருங்க, முழுக் கண்ணாடி! குட்டிங்க படுத்துக்கிட்டே வானத்தைப் பாக்கலாம்!"

குட்டிகள் நான்கும் ஏற்கெனவே உள்ளே மல்லாந்து படுத்திருந்தன.

இரண்டாவது வண்டியின் பெயர் பாறை. பெயருக்கேற்ற நிறம், பெயருக்கேற்ற வடிவம். அதை விற்றவன் செதிலன் என்ற எறும்புதின்னி. அவனுக்கு ஒரு பழக்கம். யாராவது கேள்வி கேட்டால் பயந்து பந்தாகச் சுருண்டுகொள்வான்.

"இது எவ்வளவு தூரம் ஓடும், அண்ணே?" என்றாள் அயிரை.

செதிலன் சுருண்டான். பந்துக்குள்ளிருந்து குரல் வந்தது. "அறுபது. அதுவும் வெறும் வண்டிக்கு. நீங்க ஆறு பேரும் தொட்டித் தண்ணியும் ஏறினா நாப்பத்தெட்டு."

"ஆத்துக்கு அம்பதாச்சே!"

"ஆமா. ரெண்டு குறையுது." பந்து இன்னும் இறுகியது.

சுழியன் சிரித்துவிட்டான். "இப்படி வியாபாரம் பண்ற ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன்!"

பக்கத்தில் ஒற்றைக் காலில் நின்ற கொக்கும் சேர்ந்துகொண்டது. "அது வண்டியா, கவுத்து வச்ச சட்டியா? மின்னலை வாங்குப்பா! நாலு பேர் பாக்க வேணாமா?"

பறக்கத் தெரிந்தவர்களுக்கு வண்டியைப் பற்றிக் கருத்து அதிகம்.

சுழியன் கருவாட்டு மூட்டையை அவிழ்க்கப் போனான். அயிரை அவன் கையைப் பிடித்தாள்.

"ஏங்க, ஒரு தடவை எல்லாரையும் ஏத்தி ஓட்டிப் பாப்போமே. தொட்டியில தண்ணி ரொப்பி."

"நூறு எங்கே, அம்பது எங்கே! இதுல பாக்கிறதுக்கு என்னடி இருக்கு?"

"பாத்தா தேஞ்சா போகும்?"

சவ்வாது கொஞ்சமும் முகம் சுளிக்கவில்லை. "தாராளமா பாருங்கம்மா. என் வண்டி மேல எனக்கு நம்பிக்கை இருக்கு."

பொட்டலில் பட்டுப்போன வேலமரம் ஒன்று நின்றது. ஐந்து கூப்பிடு தூரம். போய்த் திரும்பி வந்தார்கள். வண்டி சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு ஓடியது. குட்டிகள் கண்ணாடி வழியாக ஒரு பருந்தைப் பார்த்துக் கும்மாளம் போட்டன. சுழியனுக்குப் பல வாரங்களுக்குப் பிறகு முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. அதைப் பார்த்த அயிரைக்கு, எதுவும் கேட்காமல் இருந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

வண்டி நின்றது. முன்னால் இருந்த திரையில் 'ஐம்பது' என்று எழுத்து மின்னியது.

"பாத்தியா!" சுழியன் தொடையைத் தட்டினான். "இன்னும் அம்பது மிச்சம்! ஆத்துக்குச் சரியா அம்பதுதானே!"

"ஏங்க, மரத்துக்கு அஞ்சு, திரும்பி வர அஞ்சு. நூறுல பத்து போனா தொண்ணூறுல்ல இருக்கணும்?"

சுழியன் விரல்களை மடக்கினான். மறுபடி மடக்கினான். அவன் முகத்திலிருந்த வெளிச்சம் போய்விட்டது.

"பாரம் ஜாஸ்தி, அதான்..." என்று தொடங்கிய சவ்வாதும் பாதியில் நிறுத்தினான். ஆறு நீர்நாயும் ஒரு தொட்டித் தண்ணீரும் ஏறினாலும் வண்டி அவ்வளவு சார்ஜைக் குடிக்காது என்று அவனுக்கும் தெரிந்திருந்தது.

அயிரை குட்டிகளைப் பார்த்தாள். தினமும் அவள் சொல்வதுதான், கூப்பிடு தூரத்துக்குள்ளேயே விளையாடுங்கள் என்று. அவள் சொன்னால் குட்டிகள் மூன்றாவது கல்லோடு திரும்பிவிடும். அதையே சுழியன் சொன்னால் தாழம்புதர் வரைக்கும் போகும். அவனுக்கு அவ்வளவு பெரிய தொண்டை. அவள் சவ்வாதின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா? கூப்பிட்டது யாரு?"

"எங்கேம்மா?"

"அளந்தப்போ. கூப்பிடு தூரம்னா யாராவது நின்னு கூப்பிட்டிருக்கணுமே. யாரு கூப்பிட்டா?"

"எங்க மலையில எப்பவும் காடைதான் கூப்பிடும்" என்றான் சவ்வாது. "ஏன்?"

சுழியன் வண்டியிலிருந்து துள்ளிக் குதித்தான்.

"எங்க காட்டுல மயிலு!" என்று கத்தினான் சுழியன். "மயில் ஒரு தடவை அகவுற தூரத்துக்குக் காடை நாலு இடத்துல நின்னு கூப்பிடணுமே! அப்போ உங்க நூறு, எங்களுக்கு இருபத்தஞ்சு. பாரம் ஏறினா இருபது. பொட்டல்ல பாதி வழிகூட வராது!"

சொல்லி முடித்ததும் அவன் வாலைக் காலுக்கடியில் இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். வெயிலில் நின்றுபோன வண்டியும், தொட்டியில் இறங்கிக்கொண்டே போகும் தண்ணீரும் அவன் கண் முன்னால் வந்தன. கொக்கு மெதுவாகக் காலை மாற்றிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தது.

"நான் பொய் சொல்லலைம்மா!" சவ்வாது அவசரமாக முன்னால் வந்தான்.

"நீங்க பொய் சொல்லலை அண்ணே. நாங்கதான் கேக்கலை."

"இப்போ இந்த வண்டியை நான் என்ன பண்ணுறது?"

"பக்கத்துல போய் வர்றவங்க எத்தனை பேர் இருக்காங்க! அவங்களுக்கு இது நல்ல வண்டிதான். நூறுன்னு மாட்டியிருக்கிற பலகையில மட்டும் காடைன்னு ஒரு வார்த்தை சேத்து எழுதிடுங்க."

பிறகு அவள் செதிலனிடம் போனாள். "அண்ணே, உங்க அறுபது?"

"மயிலு" என்றது பந்து. "ரெண்டு குறையுதுன்னு முன்னாடியே சொல்லிட்டேன். அப்புறம் திட்டக் கூடாது."

"திட்டலை. அந்த ரெண்டு எந்த இடத்துல குறையும்?"

பந்து மெல்ல அவிழ்ந்தது. செதிலன் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்துப் பேசினான். "கடைசியில ஒரு மணல் மேடு வரும். அதுக்கு இந்தப் பக்கம் நிக்கும்."

இருபது கருவாட்டையும் கொடுத்துப் பாறையை வாங்கி, மறுநாள் கிழக்கு வெளுத்ததுமே கிளம்பினார்கள். வெயில் ஏறுவதற்குள் மணல் மேட்டுக்குப் போய்விட வேண்டும் என்று இப்போது அவர்களுக்குத் தெரியும். தொட்டியில் பாசியை ஊறவைத்து எடுத்துக்கொண்டார்கள். தொட்டிமேல் போர்த்தச் சவ்வாது தன் கடைக் கூரையிலிருந்து வாழைமட்டைகளைக் கழற்றிக் கொடுத்தான். எவ்வளவு சொல்லியும் அதற்கு எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை.

பாறை குலுங்கிக் குலுங்கி ஓடியது. குட்டிகள் வானத்தைக் கேட்டு அழுதன. நாற்பத்தெட்டாவது கூப்பிடு தூரத்தில், மணல் மேட்டுக்கு இந்தப் பக்கம், வண்டி நின்றது.

யாரும் பதறவில்லை. குட்டிகளை ஈரப் பாசியில் சுற்றினார்கள். சுழியன் கழுத்தில் இரண்டு, அயிரை கழுத்தில் இரண்டு. மணல் சுடத் தொடங்கியிருந்தது. மேட்டில் ஏறும்போது சுழியனுக்கு மூச்சு வாங்கியது.

"என்மேல கோவமா, அயிரை?"

"மூச்சை வீணாக்காதீங்க. பேச்சை அப்புறம் வச்சுக்கலாம்."

மேட்டின் உச்சியில் காற்று குளிர்ந்தது. கீழே ஆறு ஓடியது.

குட்டிகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழுந்தன. சுழியன் கரையில் குப்புறப் படுத்துக்கொண்டான். அயிரை மட்டும் படுக்கவில்லை. கைக்கு எட்டிய குட்டியைப் பிடித்து இழுத்து, மடியில் போட்டு, அதன் காதுக்குள் இருந்த பழைய குளத்துச் சேற்றை நக்கி எடுக்க ஆரம்பித்தாள்.

எண் எவ்வளவு பெரியது என்று பார்ப்பதற்கு முன்னால், அதை அளந்த குரல் யாருடையது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.