திவானின் ஏகாதசி

கோதண்டம் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி தாமதமானாலும் ஆகும், மனுஷன் தாமதமாக மாட்டார். ஏகாதசி உபவாசமென்றால் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. அப்பேர்ப்பட்டவர் ஞானம் தேடிக் கொல்லிமலை அடிவாரத்து ஆசிரமத்துக்கு வந்தால், ஆசிரமத் தலைவி வேதவல்லி அம்மா அவர் கையில் ஒரு பூனையைக் கொடுத்தார். அம்மாவுக்குக் கோதண்டத்தின் மகள் வயதுதான் இருக்கும்.

பூனையின் பெயர் திவான். பெயருக்கேற்ற தொந்தி, தொந்திக்கேற்ற சர்க்கரை வியாதி.

மாட்டு டாக்டர் எல்லாம் சொல்லித் தந்திருந்தார். காலையும் மாலையும் முதலில் தீனி, அப்புறம் பிடரித் தோலைத் தூக்கி இன்சுலின் ஊசி. காதோரம் லேசாகக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தில் சர்க்கரை பார்க்க வேண்டும். தண்ணீர் எவ்வளவு குடிக்கிறான், மூத்திரம் எவ்வளவு போகிறான் என்று கவனிக்க வேண்டும். ஆகாரம் மீன் டப்பா. ஆசிரமத்தில் மீனா என்று கோதண்டத்துக்குக் குமட்டத்தான் செய்தது. ஆனாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு கரண்டியால் எடுத்து வைத்தார். போகப் போக அந்தத் தொந்திமேல் உயிரையே வைத்துவிட்டார்.

மார்கழி ஏகாதசி வந்தது. மலை இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குப் பனி. அடுப்பு மூட்டவில்லை. கோதண்டம் டப்பாவைக் கையில் எடுத்தார். இன்றைக்குப் போய் இதைத் திறப்பதா?

திவான் ஒரு தடவை கத்தினான். பிறகு கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்துகொண்டான்.

"நீயும் விரதமாடா?" என்று கோதண்டம் பூரித்துப் போனார். டப்பா அலமாரிக்குத் திரும்பியது. ஊசி மட்டும் நேரம் தவறலாமா? போட்டுவிட்டார்.

பசியில் அவருக்கு உடம்பு காற்றாகிவிட்டது. மண்டபத்தில் யாரோ பாடுவது தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் இருந்தது. பனிக்குள்ளிருந்து திவான் மிதந்து வந்தான். ஆடினான், அசைந்தான், அவர் காலடியில் மெல்லச் சாய்ந்தான். கண் திறந்தே இருந்தது. எதையும் பார்க்கவில்லை.

கோதண்டத்துக்கு மெய் சிலிர்த்தது.

"அம்மா, வந்து பாருங்களேன். திவானுக்குச் சமாதி கூடிடுச்சு."

அம்மா வந்தார். பார்த்தார்.

"சாப்பிட்டானா?"

"இன்னிக்கு ஏகாதசிம்மா."

"ஊசி?"

"நேரத்துக்குப் போட்டுட்டேன்."

அம்மா உள்ளே போய்த் தேன் கொண்டுவந்து, பூனையின் ஈறில் விரலால் தடவினார். கோதண்டம் காதோரம் குத்திப் பார்த்தார். கருவி காட்டிய எண்ணைக் கண்டதும் அவர் கனவெல்லாம் கலைந்துபோனது. சர்க்கரை அதலபாதாளத்தில் கிடந்தது.

"படுபாவி, நானே கொன்னுட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"அடிச்சுக்கிற கையால இதைத் தடவுங்க" என்று தேன் கிண்ணத்தை அம்மா நீட்டினார். டாக்டருக்கு போன் செய்தார். டாக்டர் கிளம்பிவிட்டார். வருகிறவரை தேனை விடக் கூடாது, தலை தூக்கினால் உடனே தீனி, நடுநடுவே சர்க்கரை பார்க்க வேண்டும் என்றார்.

கோதண்டம் தடவினார். பாட்டு நின்றது, ஆட்கள் பூஜைக்குப் போனார்கள், பனி மண்டபத்துக்குள்ளேயே வந்துவிட்டது. அந்த வெள்ளைக்குள் அவரும் பூனையும் மட்டும் இருந்தார்கள். 'பெருமாளே' என்று கூப்பிடக்கூட அவருக்கு வாய் வரவில்லை.

திவான் காது அசைந்தது. தலை தூக்கினான்.

பனிக்குள்ளிருந்து அம்மாவின் கை மீன் டப்பாவை நீட்டியது, "திறங்க" என்றார்.

திறந்தார். கரண்டி தேடப் பொறுமையில்லை. மீனைக் கையாலேயே பிய்த்து நீட்டினார். திவான் முகர்ந்தான், யோசித்தான், நக்க ஆரம்பித்தான். மறுபடி காதோரம் குத்திப் பார்த்ததில் எண் மெல்ல ஏறியிருந்தது.

கோதண்டம் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினார். கை முழுக்க மீன் வாடை. குறுகிப் போனார்.

"பூனையையும் கெடுத்தேன். முப்பது வருஷ விரதத்தையும் கெடுத்தேன். இந்தக் கையோட நான் எங்கே போவேன், அம்மா?"

"விரதம் காலையிலேயே கெட்டுப்போச்சு, ஐயா. இப்பதான் மறுபடி ஆரம்பிச்சிருக்கீங்க" என்றார் அம்மா. "அவன் தின்னு முடிக்கட்டும். கையை எடுக்காதீங்க."